இரண்டாவது பிரேக்

மூன்றரைக் குதிரைச் சக்தி என்று அந்த மோட்டார் சைக்கிளை விற்ற துரை சொன்னார். அந்த அரைக் குதிரை முன்பாதியா, பின்பாதியா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிற்பாடு நானே தெரிந்துகொண்டேன். பின்பாதிதான். உதைக்கும், நகராது.

துரை அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். சீமைக்குத் திரும்புமுன் வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று போனேன். எனக்கு முன்பே கரையான் அவற்றைப் படித்து முடித்திருந்தது. வெறுங்கையோடு திரும்புவது என் சுபாவத்தில் இல்லை. வண்டி சரக்குப் பெட்டியிலும் நான் மூன்றாம் வகுப்பிலுமாகத் திருநெல்வேலி வந்து சேர்ந்தோம்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தர்க்கம் கற்பிக்கிறவனுக்கு ஊரில் உள்ள மரியாதை ஒரு தினுசானது. யாரும் அவனோடு வாதத்துக்கு வர மாட்டார்கள்; அவன் சொல்வதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். வீட்டில் இந்த இரண்டில் முதல் சலுகை கிடையாது.

"புஸ்தகம் வாங்கப் போறேன்னுதான சொன்னீய?" என்றாள் என் மனைவி, வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்துகொண்டே.

"இதற்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது தெரியுமா?"

"எண்ணெய்தாம் இருக்கு. ஒழுகுது பாருங்க."

மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். கல்யாணத்துக்கு முன் சென்னையில் படித்தவள். என்னைவிடக் குறைவாகப் படித்தவள், என்னைவிட அதிகம் தெரிந்தவள். இதை நான் அப்போதே ஒத்துக்கொண்டுவிட்டதால் எங்கள் குடும்பத்தில் சண்டைகள் சுருக்கமாக முடிந்தன.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு புதிய வேலை ஏற்பட்டது. மேலப்பாளையம் தாண்டி, ஆற்றின் தென்கரையோடு சேரன்மகாதேவி வரைக்கும் போகிற சாலையில் உள்ள கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஏற்கெனவே ஆள் வந்து கூப்பிடும்போதெல்லாம் மாட்டு வண்டியில் போய்க்கொண்டுதான் இருந்தாள். ரயில் இருந்தது, ஆனால் அது நெடுந்தூரம் ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே போயிற்று. பிரசவ வலி இரண்டு கரைகளிலும் வந்தது. மாட்டு வண்டி போய்ச் சேர்வதற்குள் சில வீடுகளில் பிள்ளை பிறந்து குளிப்பாட்டித் தூங்கவும் வைத்திருப்பார்கள். வேறு சில வீடுகளில் தெருவுக்குள் நுழையும்போதே அழுகைச் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட நாட்களில் அவள் வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். என் தர்க்கம் எதுவும் அப்போது உதவாது.

டாக்டரம்மாள் வெள்ளைக்காரி, கறாரானவள். மாதக் கடைசிக்குள் வேகமாகப் போய்வர ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் அந்தப் பக்கமே தங்கக்கூடிய, கல்யாணமாகாத நர்ஸ் ஒருத்தியை நாகர்கோவிலிலிருந்து வரவழைப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மனைவி மறுபடியும் மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்தாள். இந்த முறை எண்ணெய் ஒழுகுவதைப் பார்க்கவில்லை.

"இதுல நான் எங்கன ஒக்கார?"

பின்சக்கரத்துக்கு மேலே ஓர் இரும்புத் தட்டு இருந்தது. அதைக் காட்டினேன்.

"என்னைய மூட்டையாக் கட்டிக்கிட்டுப் போகப் போறியளோ?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். துரை கொடுத்த ஆங்கிலப் பத்திரிகைகளில் கரையான் மிச்சம் வைத்த ஒரு படம் இருந்தது. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் மூன்றாவதாக ஒரு சக்கரம்; அதன்மேல் பிரம்பில் பின்னிய கூடை மாதிரி ஓர் இருக்கை; அதில் தொப்பி வைத்த சீமாட்டி ஒருத்தி ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். படத்தை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் போனேன். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த சாயபுதான் இந்தப் பக்கத்தில் மோட்டார் வைத்தியம் தெரிந்த ஒரே ஆள். தெரியும் என்று அவரே சொன்னார். மறுக்க வேறு ஆள் இல்லை.

"ரங்கூன்ல இதவிடப் பெரிய மோட்டாரையெல்லாம் கழட்டிப் போட்டவன் வே நான்" என்றார்.

"திரும்ப மாட்டினீரா?"

"அதுக்குள்ள ஊருக்குக் கப்பல் வந்துட்டு."

இந்த உத்தரவாதத்தின் பேரில் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. துரையின் பெயரில் இருந்த நம்பர் என் பெயருக்கு மாறியிருந்தது. அது இரண்டு சக்கர வண்டிக்குக் கொடுத்த நம்பர். மூன்றாவது சக்கரம் வைத்தால் அது பழைய வண்டிதானா, புது வண்டியா? நாற்காலி சேர்ந்தால்? ஒரு பொருளில் எவ்வளவு மாற்றினால் அது வேறு பொருளாகிறது என்பதைப் பற்றித் தத்துவ ஆசிரியர்கள் கத்தை கத்தையாக எழுதியிருக்கிறார்கள். போலீஸ் ஆபீஸ் குமாஸ்தா அதை ஒரு வாக்கியத்தில் முடித்தார்.

"எதைத் தொட்டாலும் மறுபடி கொண்டாந்து காட்டணும். இன்ஸ்பெக்டர் பாத்துச் சரின்னு சொல்லுத வரைக்கும் ரோட்டுல ஓட்டப்படாது."

"ஓட்டாமல் எப்படி இங்கே கொண்டுவந்து காட்டுவது?"

குமாஸ்தா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தள்ளும்" என்றார்.

மோட்டார் சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அந்த ஆபீஸிலேயே உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். சுவாரசியமான வாசிப்பு. மோட்டாரைப் பற்றிய சட்டம் என்று பெயர். ஆனால் எழுதினவர் முழு நேரமும் மோட்டாரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களையே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது வரிக்கு வரி தெரிந்தது. நம்பர் முன்னும் பின்னும் தெரிய வேண்டும். வருவதை அறிவிக்கச் சத்தம் கொடுக்கும் கருவி வேண்டும். இருட்டில் விளக்கு வேண்டும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று நிறுத்தும்படி இரண்டு பிரேக் வேண்டும். இவ்வளவுதான். இந்த நாலு வேலிகளுக்குள்ளே நான் என் இஷ்டத்துக்கு மேயலாம் என்று புரிந்துகொண்டு வீடு திரும்பினேன். கொஞ்சம் அதிகமாகவே மேய்ந்தேன்.

முதலில் இருக்கை. பிரம்புக் கூடை பின்ன ஆள் தேட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவி உள்ளே போய், நான் மத்தியானங்களில் சாய்ந்து படிக்கிற பிரம்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். படிப்பதாக நான் சொல்லிக்கொள்வேன். அவள் வேறு பெயர் வைத்திருந்தாள். சாயபு அதன் நாலு கால்களையும் என் கண் முன்னாலேயே அறுத்தார். இரும்புச் சட்டத்தில் அதை வைத்து முடுக்கி, பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றை இடது பக்கத்தில் மாட்டி, சட்டத்தின் இரண்டு இரும்புக் கைகளால் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். மனைவி ஏறி உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒறக்கம் வருது" என்றாள்.

அடுத்தது சத்தம். இதில்தான் என் சொந்த மூளை வேலை செய்தது.

வண்டியோடு வந்த ஊதலுக்கு ஒரு ரப்பர்க் குமிழ் உண்டு. அமுக்கினால் தொண்டை கட்டிய எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மாற்றங்களுக்கு முன்னால் தனியாக ஓட்டிப் பழகின நாட்களில், தருவை கிராமத்துக்குப் பக்கத்தில் எதிரே வந்த ஒரு மாட்டு வண்டியைப் பார்த்து அதை அமுக்கினேன். மாடுகள் இரண்டும் வண்டியோடு வயலுக்குள் இறங்கி, நட்டு நாலு நாள் ஆன நாற்றின் நடுவே போய் நின்றன. வண்டிக்காரர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "படிச்ச மனுசன் மாதிரி இருக்கீரு, எதுக்குவே இப்படிக் கெடந்து கத்துதீரு?" என்று கேட்டார்.

மாட்டுக்குப் பழகின சத்தமாக இருந்தால் மாடு ஏன் மிரளப்போகிறது என்று யோசித்தேன். மாட்டுச் சந்தையில் ஒரு சலங்கைப் பட்டை வாங்கி, ஊதலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தொங்கவிட்டேன். வண்டி லேசாக அசைந்தாலே ஜல் ஜல் என்று இனிமையாக ஒலித்தது. வகுப்பில் இதை ஒரு உதாரணமாகக்கூடச் சொன்னேன்: பழகிய சத்தம் மிரட்டாது, சலங்கை பழகிய சத்தம், ஆகவே சலங்கை மிரட்டாது. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் கிடையாது.

வண்டியைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. ஆனி மாதம், மேல்காற்று. மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். சாயபு கூட வந்தார். யோசனை சொல்வதற்கு வந்தார், தள்ளுவதற்கு அல்ல. கோட்டும் தலைப்பாகையுமாக நான் குனிந்து தள்ள, நாற்காலி முன்னே போக, சலங்கை ஜல் ஜல் என்று ஒலிக்க, தெருவில் தறிக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

சேரன்மகாதேவிப் பக்கத்து நெல் வண்டிகள் எப்படி வரும் என்பது இந்தச் சீமையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ராத்திரி புறப்பட்டு வரிசையாக வரும். முதல் வண்டிக்காரர் மட்டும் விழித்திருப்பார். அவருடைய மாடுகளுக்கு மட்டும்தான் சலங்கை. மற்ற மாடுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கும். மற்ற வண்டிக்காரர்கள் மூட்டைமேல் படுத்துத் தூங்குவார்கள். எனக்கும் இது தெரியும். தெரிந்திருந்ததால்தான் சலங்கையே வாங்கினேன்.

அன்று முதல் வண்டிக்காரர் பதநீர் குடிக்க ஓரமாக வண்டியை நிறுத்தியிருக்கிறார். நான் அவரைக் கடந்து போயிருக்கிறேன்.

குளத்துக் கரை ஏறும்போது சாயபு திரும்பிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரையா, நம்ம பின்னால ஒரு கல்யாணமே வருது வே" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் சலங்கைக்குப் பின்னால் நெல் வண்டிகள் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு வண்டிக்காரர்கூட விழித்திருக்கவில்லை. நான் நின்றேன், அவையும் நின்றன. நகர்ந்தேன், நகர்ந்தன. சலங்கையைக் கையால் பொத்திக்கொண்டு தள்ள முயன்றால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று. அதைப் பொத்தச் சாயபுவைக் கூப்பிட்டேன். "சலங்கைய நான் பிடிச்சா என்னையத்தான் மாடுன்னு நெனச்சுத் தொடரும்" என்று மறுத்துவிட்டார். கழற்றலாம் என்றால் திருகுச் சாவி கடையில் இருந்தது.

போலீஸ் ஆபீஸ் வளாகத்துக்குள் நான் நுழைந்தேன். எனக்குப் பின்னால் நெல்லும் நுழைந்தது.

ஜில்லாப் போலீஸ் துரை சாரலுக்குக் குற்றாலம் போயிருந்ததால் இன்ஸ்பெக்டர்தான் பொறுப்பு. கனத்த மீசை, நிதானமான பேச்சு. வராந்தாவில் நின்றபடி எல்லா வண்டிகளும் உள்ளே வந்து முடிக்கிறவரை பொறுமையாகப் பார்த்தார். முன்னால் நின்ற மாடு அவருடைய குரோட்டன் தொட்டியில் வாயை வைத்தது.

வண்டி நின்றதில், தூங்கிக்கொண்டு வந்தவர்களில் முன்னால் இருந்தவருக்கு விழிப்புத் தட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சந்தை வந்துட்டா?" என்றார்.

"சந்தையா? போலீஸ் ஆபீஸ்லே இது!" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

வண்டிக்காரர் மூட்டைமேலிருந்து ஒரே குதியாகக் குதித்துக் கையைக் கூப்பினார். "எசமான், நான் ஒண்ணும் செய்யல. ஒறங்கத்தான் செஞ்சேன்."

அதற்குள் பதநீர் குடித்தவர் மீசையில் நுரையோடு ஓடி வந்தார். "எவம்லே எம் மாடுகளுக்கு மணி அடிச்சுக் கூட்டிட்டு வந்தது?" என்று கத்திக்கொண்டே வந்தவர், என் தலைப்பாகையைப் பார்த்ததும், "நீங்களாய்யா?" என்று முடித்தார். அந்த மரியாதைதான் அதிகம் வலித்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து சலங்கையை ஒரு விரலால் தட்டினார். மாடுகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன.

"இது என்னத்துக்கு?"

"சத்தம் கேட்டு விலகுவதற்கு."

"விலகிருக்கா?"

மாடுகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தன.

வண்டிகளை வெளியே அனுப்பிவிட்டு அவர் நிதானமாக மற்றவற்றைப் பார்த்தார். நம்பர் சரி. விளக்கு சரி. நாற்காலியை அசைத்துப் பார்த்தார். பிடித்திருந்தது போலத் தெரிந்தது. பிறகு பிரேக் கேட்டார். முன்சக்கரத்துக்கு உள்ள கைப்பிரேக்கைக் காட்டினேன்.

"இன்னொண்ணு?"

இன்னொன்று காலால் மிதிக்கிறது. இருந்தது. அது இருந்த இடத்தில்தான் சாயபு நாற்காலிச் சட்டத்தின் இரும்புக் கையைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். மிதிகட்டை கடையில் ஓர் ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது என்பதை அப்போதுதான் சொன்னார்.

"ஒண்ணு போதும் எசமான்" என்றார் சாயபு. "இது போறதே பைய."

"பைய போறதுக்கு ஒண்ணு, வேகமாப் போறதுக்கு ரெண்டுன்னு சட்டத்துல இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். என்னிடம் திரும்பினார். "ஊதலும் ரெண்டாவது பிரேக்கும் வச்சிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள வாரும். சனிக்கிழமை நான் தென்காசிப் பக்கம் முகாம் போறேன். திரும்பி வர அடுத்த மாசம் ஆவும்."

அடுத்த மாதம் என்றால் நாகர்கோவில் நர்ஸ் வந்துவிடுவாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். நெல் வண்டிகள் வந்த கட்டத்தில் மனைவி சிரித்தாள். பிரேக்கைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழமையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் மருந்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

மறுநாள் அவளும் நானும் சாயபு கடைக்குப் போனோம். இரும்புக் கையை வேறு எங்கே மாட்டினாலும் நாற்காலி ஆடியது. மிதிகட்டையை வைத்தால் நாற்காலி இல்லை. நாற்காலியை வைத்தால் மிதிகட்டை இல்லை. சாயபு ரங்கூனைத் துணைக்கு அழைத்து, கப்பலுக்கு இருக்கிற மாதிரி ஒரு நங்கூரம் கட்டலாம், தேவைப்பட்டால் தூக்கி ரோட்டில் எறியலாம் என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்லைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

அந்த வாரம் டவுனில் ஆனித் தேர். கடைக்கு வந்தவர்களெல்லாம் தேர் நிலைக்கு வந்ததா, எந்த முக்கில் நிற்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்து, "தேர இழுக்கவனா நிறுத்துதான்?" என்றாள்.

"ஏன்?"

"சக்கரத்துக்குக் கட்டை போடுதவன் தனியால்லா வாரான்? வடம் பிடிக்கவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" தன் இடது பக்கம் இருந்த மூன்றாவது சக்கரத்தைக் காட்டினாள். "இதுக்கு ஒரு கட்டை போடுங்க. நான் பிடிக்கேன்."

நானும் சாயபுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் தேரோடு உறவில்லாத மார்க்கங்களைச் சேர்ந்தவர்கள். "பிரேக்குக்குத்தான வே, தோசமில்ல" என்றார் சாயபு. எங்கள் கிறிஸ்தவ சபை மூப்பரிடம் நான் இதை இன்றுவரை சொல்லவில்லை.

பழைய தறி ஒன்றிலிருந்து, கைபட்டு வழுவழுப்பான ஒரு கட்டை கிடைத்தது. அதன் முகத்தில் தோலை வைத்து அடித்து, நாற்காலியின் கைப்பக்கமாக ஒரு நெம்புகோல் வைத்து, இழுத்தால் கட்டை போய்ச் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும்படி செய்தோம். மனைவி பத்துப் பதினைந்து தடவை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊதலோடும், சலங்கை இல்லாமலும், மறுபடி தள்ளிக்கொண்டு போனோம். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் ஊதலை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். லாயத்தில் அவருடைய குதிரை கட்டுத்தறியை முறித்துக்கொள்ளப் பார்த்தது. "இதுதான் சத்தம்" என்றார் திருப்தியாக.

"ரெண்டாவது பிரேக் எங்க வே?"

"இதோ" என்று கை காட்டினேன்.

"அது உம்ம சம்சாரம்லா?"

"அவள் கையில் இருக்கிறது."

இன்ஸ்பெக்டர் குனிந்து நெம்புகோலைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "யம்மா, இவரு நிறுத்தச் சொன்னா நீங்க இழுப்பியளா?"

"இவுக சொல்லுத வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றாள்.

வளாகத்துக்குப் பின்னாலுள்ள கவாத்து மைதானத்தில் பரீட்சை. அது ரோடு அல்ல, ஓட்டலாம். அந்த வண்டிக்கு நின்ற இடத்தில் கிளம்புகிற வழக்கம் கிடையாது. ஓட ஓடத்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். இரண்டு கான்ஸ்டபிள்கள் தள்ளினார்கள். எதிர்க்கோடியில் இன்ஸ்பெக்டர் நின்றார். அவர் கையைத் தூக்கினால் நாங்கள் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. காற்று முகத்தில் அடித்தது. மூன்றரைக் குதிரையும் அன்று ஒற்றுமையாக இருந்தன. பக்கத்தில் மனைவி, முன்னால் விரிந்த மைதானம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறேன் என்று தோன்றியது. இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். மெச்சுகிறார் போலும் என்று நினைத்து நான் தலையை ஆட்டி வணக்கம் சொன்னேன்.

மனைவி இழுத்தாள்.

மூன்றாவது சக்கரம் நின்றது. மற்ற இரண்டும் அதைச் சுற்றி அரை வட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்து நின்றன. என் தலைப்பாகை மட்டும் பழைய திசையிலேயே போய் இன்ஸ்பெக்டரின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"நிக்குது" என்றார். பிறகு, "அம்மா இறங்கிக்கிடட்டும். நீரு மட்டும் ஓட்டிக் காட்டும்" என்றார்.

ஓட்டினேன். இந்த முறை கையைத் தூக்கியதும் சரியாகப் புரிந்துகொண்டு முன்பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் மணலில் சறுக்கிக்கொண்டே போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. மரம் இல்லாவிட்டால் எங்கே நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மனைவி வெயிலில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பிரேக் இருக்கணும்னு விதி" என்று ஆரம்பித்தார். "யாரு கையில இருக்கணும்னு போடல. அம்மா இருக்கையில வண்டிக்கு ரெண்டு பிரேக். அம்மா இறங்கிட்டா ஒண்ணு. ஆகக்கூடி, அம்மா இருந்தா இது சட்டப்படி வண்டி. இல்லன்னா இல்ல." என்னைப் பார்த்தார். "சரிதான வே? நீரு தர்க்க வாத்தியாருல்லா?"

பல வருஷங்களாகப் பையன்களிடமிருந்து வரவழைக்க முயன்று தோற்ற ஒரு அனுமானம், ஒரு போலீஸ் மைதானத்தில் மீசைக்கடியிலிருந்து வந்தது. சரிதான் என்றேன். அதைத் தவிர வேறு சொல்ல வழி இல்லை.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: பக்கத்து இருக்கையில் பிரேக் பிடிக்க மனைவி இல்லாமல் மேற்படி உபாத்தியாயர் மேற்படி வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது.

மனைவி காகிதத்தை டாக்டரம்மாளிடம் காட்டினாள். டாக்டரம்மாள் வேதாகமத்தில் தமிழ் கற்றவள். "உன் புருஷன் உனக்குக் கீழ்ப்படிகிறவரோ?" என்று கேட்டாளாம். "இப்ப சட்டம் இருக்கு அம்மா" என்றிருக்கிறாள் இவள். மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு தடவை போய்க் காட்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை உன்னுடையது என்றாள் டாக்டரம்மாள்.

அந்த ஒரு தடவை செவ்வாய்க்கிழமை காலை வந்தது. முன்னீர்பள்ளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஓடி வந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது. தலைப் பிள்ளை, ராத்திரியிலிருந்து வலி. மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டாள். வந்த மனிதரே தள்ளினார். வண்டி பிடித்துக்கொண்டதும் அவர் பின்னால் ஓடி வருவது கொஞ்ச நேரம் கேட்டது; பிறகு கேட்கவில்லை.

மேலப்பாளையம் கடந்ததும் எதிரே மாட்டு வண்டி வந்தபோதெல்லாம் அவள் நெம்புகோலை லேசாக இழுத்தாள். நான் ஊதலை அமுக்காமலே ஒதுங்கிப் போனோம். ஊதலைப் பற்றி இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. மடைத் தண்ணீர் சாலையில் பாய்ந்த ஓரிடத்தில் பின்சக்கரத்தைச் சுழற்றுகிற தோல் வாரில் ஈரம் ஏறி அது வழுக்கியது. எஞ்சின் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. மனைவி இறங்கி, பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து வாரைத் துடைத்து, ஏதோ ஒரு பொடியைத் தூவினாள். என்ன பொடி என்று கேட்டேன். "பெறகு சொல்லுதேன், தள்ளுங்க" என்றாள். தள்ளினேன், ஓட ஓட ஏறினேன். அது என்ன பொடி என்று இதுவரை சொல்லவில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது அழுகைச் சத்தம் இல்லை. ஒரு பெண்ணின் முனகல் மட்டும் கேட்டது. மனைவி முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வண்டி முழுதாக நிற்குமுன்பே இறங்கி உள்ளே போய்விட்டாள்.

நான் தெருவில் தனியாக நின்றேன். ஊர் கூடிவிட்டது. சிலர் நாற்காலியை அமுக்கிப் பார்த்தார்கள். வெற்றிலை போட்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

"இங்கன எதுக்கு வெயில்ல நிக்கீய? ஆத்துப் பக்கம் தோப்பு இருக்கு, வண்டிய அங்க கொண்டு போயி நிழல்ல இருங்களேன்."

"அவள் இல்லாமல் ஓட்டக் கூடாது."

"ஏன், அந்த அம்மா இல்லன்னா ஓடாதோ?"

"ஓடும். ஓட்டக் கூடாது."

பெரியவர் இதை வாயில் போட்டு வெற்றிலையோடு சேர்த்து மென்றார். "அப்ப வண்டி அவுகளோடதுல்லா?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை.

வெயில் ஏறியது. வீட்டுக்குள் பேச்சு வேகமாகியது. யாரோ வெந்நீர் என்று கத்தினார்கள். பிறகு எல்லாம் அடங்கியது. ஊரும் பேச்சை நிறுத்திக் கதவைப் பார்த்தது. என்னை அறியாமல் நாற்காலியின் பிரம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓடிக் களைத்த அந்த மனிதர் தெரு முனையில் வந்து நின்ற அதே சமயம் உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வெகு நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "பொம்பளப் பிள்ள. தாயும் நல்லாருக்கா" என்றாள் பொதுவாக. என் பக்கம் திரும்பி, "கால் முதல்ல வந்துட்டு. இன்னும் அரை நாழி போயிருந்தா..." என்றவள் நாற்காலியில் ஏறினாள். பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். "கிளப்புங்க. டாக்டரம்மாட்ட நானே சொல்லணும்."

ஊரே தள்ளியது. அவ்வளவு பலமாக எங்களை யாரும் தள்ளியதில்லை. எஞ்சின் பிடிக்காமலே பாதித் தெரு போய்விட்டோம்.

திரும்புகையில் தருவைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆலமரத்தடியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நிறைமாதமில்லை, நாலைந்து மாதம் இருக்கலாம். வண்டிச் சத்தம் கேட்டு நின்றாளா, எங்களுக்காகவே நின்றாளா என்று தெரியவில்லை. நான் கவனித்து முடிப்பதற்குள் மூன்றாவது சக்கரம் நின்றது. வண்டி அரை வட்டம் போட்டு அவளைப் பார்த்து நின்றது. மனைவி இறங்கிப் போய் அவள் தோளில் கை வைத்துப் பேச ஆரம்பித்தாள்.

எஞ்சின் அணைந்துவிட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது, காதில் விழவில்லை. நான் இருந்த இடத்தில், சட்டப்படி, உட்கார்ந்திருந்தேன்.